பல்கனியில் ஓர் அல்கஹோல் விவகாரம்

பொம்பிளை பார்க்கப் போன இடத்தில் அல்கஹோலைப் பற்றிக் கதைக்கலாமா? கதைத்தான், என் மச்சான்!

போன ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு பிளாட். மச்சான் சுதன் என் மனைவியின் தம்பி, கெமிஸ்ட்ரி விரிவுரையாளர். பெண் தாரணிக்கு இரத்மலானையில், வாசனைத் திரவியம் செய்யும் தொழிற்சாலையின் லேபில் வேலை. ஒரே பாடம்... வேறென்ன பொருத்தம் வேண்டும்?

"தனியக் கதைக்கட்டும்" என்று இருவரையும் பல்கனிக்கு அனுப்பினோம். கதவோரம் நான். பக்கத்தில் கட்லட் தட்டோடு பெண்ணின் அம்மா.

கீழே ரயில் கடந்து போனதும் சுதனின் குரல் கணீரென்று கேட்டது.

"அல்கஹோல் முழுக்க முடிஞ்சுதோ எண்டு எப்பிடித் தெரியும்?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி... மாப்பிள்ளை குடிக்கிறவரோ?"

"ஐயோ, இல்லை அன்ரி! அது லேப் கதை. அல்கஹோலை ஒட்சியேற்றினா வாசனைக்குப் போடுற அல்டிகைட் வரும். கொஞ்சம் கூடிப்போனா அசிட்..."

"அசிட்டோ!"

கட்லட் தட்டு மேசைக்குத் திரும்பிப் போனது. சம்பந்தமும் கூடவே போய்விடும் போலிருந்தது. உள்ளே பெண்ணின் அப்பாவோடு கதைத்துக்கொண்டிருக்கும் என் மனைவிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பல்கனியிலோ சண்டை சூடு பிடித்துவிட்டது.

"எது வந்தது எண்டு பாக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் சரி" என்றான் சுதன்.

"அவ்வளவு பெரிய மெஷின் என்னத்துக்கு? ஐ.ஆர். ஒண்டே காணும்" என்றாள் தாரணி.

ஐ.ஆர். என்பது வேறொன்றுமில்லை — கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் செலுத்தி, மூலக்கூறு அதில் எதை விழுங்குகிறது என்று பார்ப்பது.

"அசிட் எண்டா வரைபில மூவாயிரத்தைச் சுத்தி அகலமா ஒரு மேடு வரும். அல்டிகைட்டுக்கு அது வராது." தாரணி விடவில்லை.

"கார்பொனைல் மேடு ரெண்டிலயும் இருக்குமே?"

"அதாலதான் அதைப் பாக்கச் சொல்லேல்லை!"

"மிச்ச அல்கஹோல் கிடந்து குழப்பினா?"

"அப்ப ஐதரசனைக் காட்டுற என்.எம்.ஆர். எடுங்கோ. அல்டிகைட்டின்ர ஐதரசன் பத்துக்குக் கிட்டத் தனிய நிக்கும். ஒளிக்கேலாது."

இன்னொரு ரயில். அது போனதும் சுதன் சொன்னான்:

"ஓம்... நீங்கள் சொல்லுறது சரி. எனக்குச் சம்மதம்."

அம்மாவுக்குக் கேட்டது அந்தக் கடைசி வசனம் மட்டும்தான்! அடுத்த நொடி கேசரி வந்தது. பெண்ணின் அப்பா என்னைக் கட்டிப்பிடித்தார். என் மனைவி கண்ணைத் துடைத்தாள். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்... அதற்குள்ளும் கேசரி.

உள்ளே வந்த இருவரும் திகைத்து நின்றார்கள். தாரணி சுதனைப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள். பிறகு முதல் கரண்டி கேசரியை அவளே எடுத்தாள்.

கல்யாணத்துக்கு முன்பே "நீங்கள் சொல்லுறது சரி" என்று சொல்லத் தெரிந்தவன்... பிழைத்துக்கொள்வான்!