தெசோரோ என்று கூப்பிடும் கடை

கைவண்டியில் ஆரம்பித்து, நேப்பிள்ஸ் சந்தையிலேயே பெரிய பழக்கடை போட்டவன் நான். வருகிறவர் யாரானாலும் "தெசோரோ" என்பேன். தங்கமே என்று அர்த்தம். எங்கள் வியாபாரப் பேச்சு அப்படித்தான்.

தையல்காரி நுன்ஸியாத்தா, கணவன் செத்தபின் ஒண்டிக்கட்டை. தினமும் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்குவாள். நான் முழங்கால் வலியில் படுத்திருந்த வாரம் கடையைப் பார்த்த என் மருமகன், அவளை மரியாதையாக "வாங்க சின்யோரா" என்றிருக்கிறான். அவள் வாங்காமலே திரும்பிவிட்டாள்.

நான் கடைக்கு வந்த அன்றே வந்தாள்.

"என்ன தெசோரோ, மருமகன் பழம் புளிச்சுதா?"

"போங்கண்ணே! வீட்ல ஒரு கூடை பழம் காயுது. என்னை அப்படிக் கூப்பிட வேற யாரு இருக்கா?"



"அப்ப சும்மாவே வா, தெசோரோ."

அப்படியும் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டுதான் போனாள்.