ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையம்

ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டினால் அதற்குப் பலம் கூடிவிடும் என்று நம்பி, முட்டை வண்டியின் மூக்கைத் தூக்கிவிட்ட மேதை நான்தான். அந்த மேதைமைக்குச் சாட்சியாக ஓர் இரும்பு வளையம், சூரமங்கலத்தில் நங்கை குடியிருக்கும் வாடகை வீட்டில், கதவுக்கு முட்டாகக் கிடக்கிறது. நங்கை என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி.

அண்ணன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் திரும்ப மாதங்களாகும். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை முழுக்க நங்கை தலையில்தான். தீவனமும் தண்ணீரும் பார்த்து முடித்து, முட்டை ஏற்றும் நேரத்தில் தீவன மூட்டையில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். நான் டிரைவர், அவரைச் சிரிக்க வைப்பது என் உபதொழில். தம்மம்பட்டி பேக்கரிக்காரர்தான் எங்கள் பெரிய வாடிக்கை. இன்னொரு தடவை இத்தனை உடைசல் வந்தால் வேறு பண்ணை பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டிருந்தார்.

பாரம் ஏற்றினால் வண்டியின் முன்பக்கம் அமிழ்ந்து, பண்ணைக்கு வரும் இட்டேரி மண்பாதையின் மேட்டில் அடி தட்டும். உடைசலுக்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடித்த நான், பட்டறைக்குப் போய் முன் ஸ்பிரிங் இரண்டின் தலையிலும் ஒரு வளையத்தை வைத்து அமுக்கிப் பூட்டச் சொன்னேன். வண்டி சேவல் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. ஸ்பிரிங் முரடாகிவிட்டது, இனி அமிழாது என்று நானாகவே தீர்ப்பெழுதி, கேபினை ஒட்டிக் கூடுதலாக முட்டை அட்டைகளை அடுக்கினேன்.

மேட்டில் தட்டவில்லை, உண்மைதான். ஆனால் பள்ளம் வந்தபோதெல்லாம் சக்கரம் கீழே இறங்க வழியில்லாமல் பாதியில் நின்று ‘டொக்’ என்றது. தம்மம்பட்டியில் நிறுத்தும்போது பின்கதவு இடுக்கில் மஞ்சள் கரு ஒழுகிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் படியிறங்கவே இல்லை; உள்ளேயிருந்தபடி போகச் சொல்லிக் கையாட்டினார். ஆம்லெட்டாகவே கொண்டுவந்துவிட்டோம், அவருக்கு வேலை மிச்சம் என்று நான் பக்கத்து இருக்கையில் இருந்த நங்கையிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தம்பி, ஊடு போற வரைக்கும் பேசாம ஓட்டுங்க.”

மறுநாள் பட்டறைக்காரர் என்னை பம்பர் மேல் உட்காரச் சொல்லி, வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று விரல் வைத்துப் பார்த்தார். வளையங்களைக் கழற்றிய பிறகு மறுபடியும் உட்கார வைத்தார். என் உடம்பு ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். இரண்டு தடவையும் அதே இரண்டு விரல். வளையம் வண்டியை உயர்த்தியதோடு சரி. பாரத்துக்கு அமிழ்கிற குணத்தைத் தொடவே இல்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்க இருந்த கொஞ்சம் இடத்தையும் தின்றுவிட்டது. அந்தக் குணத்தை மாற்ற வேண்டுமானால் தடித்த கம்பியில் வேறு ஸ்பிரிங்தான் போட வேண்டும். பிற்பாடு போட்டோம், காலி வண்டியில் முதுகு கழன்றது. பேக்கரிக்காரர் திரும்ப வரவில்லை. கொஞ்ச காலத்தில் பண்ணையும் போயிற்று.

இப்போது அண்ணன் ஊரோடு வந்துவிட்டார், பக்கவாதத்தோடு. ஆஸ்பத்திரி பக்கம் என்பதால்தான் சூரமங்கலம். போன வாரம் போயிருந்தபோது நங்கை அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்தார். வழக்கம்போல ஒரு கதை விட்டேன். முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. உள்ளேயிருந்து அண்ணன் முனகியதும் பழையபடி இறங்கிவிட்டது. இத்தனை வருடமாக நான் சொன்ன சிரிப்புக் கதைகளும் அந்த வளையத்தின் சாதிதான் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த தடவை கதையோடு வராமல், இரண்டு நாள் தங்கி அண்ணனைப் பார்த்துக்கொள்கிற மாதிரி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்வதற்குப் பதிலாக, கதவோரம் கிடந்த வளையத்தைக் காட்டினேன்.

“நான் போட்டது கடைசீல ஒரு கதவையாச்சும் தாங்குதுங்களே, நங்கை.”

“காத்தடிச்சா அதுவும் நவுந்துருதுங்க தம்பி.”