மஞ்சள் பூசிய காது

என் மேசை இழுப்பறையில் ஒரு செம்மறியாட்டின் ஜெராக்ஸ் படம் கிடக்கிறது. இடது காது நுனியில் முக்கோணமாக ஒரு வெட்டு. ஜெராக்ஸில் அது வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பை நம்பி, விளாத்திகுளம் பக்கத்து ஆட்டுக்கார அண்ணாச்சி ஒருவரை ஆட்டுத் திருட்டு வழக்கில் ஓராண்டு ஜெயிலுக்கு அனுப்ப இருந்தேன். அவருக்கு வக்கீலே நான்தான் என்பதுதான் வெட்கக்கேடு.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் ஒரு காதடையாளம் உண்டு. குட்டி பிறந்த சில வாரத்திலேயே வெட்டிவிடுவார்கள். புகார் கொடுத்தவர், அது தன் வீட்டு அடையாளம், குட்டியிலேயே போட்டது என்று சாட்சி சொன்னார். அண்ணாச்சி தன் ஆடுகளுக்கு வெட்டுவதே இல்லை. "மூஞ்சி தெரியுதுல்லா, பொறவு எதுக்கு வெட்டணும்?" என்று கூண்டில் நின்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. போலீஸ் ஆட்டைப் பிடித்துப் போகும்போது அதன் காதில் வெட்டு இல்லை என்று என்னிடம் எத்தனையோ தடவை சொன்னார். படத்தில் இருக்கிறதே என்று நான்தான் எரிந்து விழுந்தேன். தண்டனை விழுந்தது.

தூத்துக்குடியில் அப்பீல் போட்டு, தண்டனையை நிறுத்திவைத்திருந்தோம். வாதாடச் சரக்கு எதுவுமில்லை. கடைசி முயற்சியாக, கோர்ட்டின் வழக்குக் கட்டுக்குள் இருந்த அசல் கலர் படத்தைப் பார்க்க அனுமதி வாங்கினேன். கூட வந்திருந்த அண்ணாச்சியின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, குட்டியில வெட்டுன காதுக்கு இப்ப எதுக்கு மஞ்சள்?"

வெட்டின் ஓரம் முழுக்க அப்பியிருந்த மஞ்சள், அதனடியில் காயாத புண். போலீஸ் ஆட்டைப் பிடித்து, புகார்காரர் வசமே ஒப்படைத்து, நாலு நாள் கழித்து எடுத்த படம் அது. ஆட்டைப் பிடித்த தேதியையும் படத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

நீதிபதி அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வெளியே துறைமுகத்து லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தண்டனை ரத்து, ஆட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அண்ணாச்சியின் மனைவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணாச்சி மட்டும் கவலையோடு என்னிடம் வந்தார்.

"வக்கீலம்மா, அந்தப் புண்ணு ஆறியிருக்கும்லா?"

ஜெராக்ஸை நான் இன்னும் கிழிக்கவில்லை. புது வழக்குக் கட்டு எது வந்தாலும் ஒருதரம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அண்ணாச்சி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆட்டின் காது நன்றாக ஆறியிருந்தது. பக்கத்தில் நின்ற குட்டிக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன.