பச்சை காட்டிய தாள்

“இன்னா மச்சினிச்சி, பச்சை காட்னா வண்டி போலாம்னுதானே அர்த்தம்? நீ இன்னாத்துக்கு ஆபத்துன்ற?” என்று சிரித்தார் அக்காவின் கணவர். செங்கல்பட்டுப் பக்கம் ரயில்வே கேட்டில் கொடி காட்டும் வேலை அவருக்கு.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் சிறுநீர்ப் பரிசோதனை கற்று வேலை பார்க்கிறேன். சதுரங்கப்பட்டினத்தில் மாமியார் வீட்டில் இருந்த அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். கால் வீங்கி, தலைவலியால் துடித்தாள். டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிப்போயிருந்த பரிசோதனைத் தாளை அவள் சிறுநீரில் நனைத்தேன். மஞ்சளாகவே இருக்க வேண்டிய முனை எல்லோர் எதிரிலும் கரும்பச்சையானது. சிறுநீரில் புரதம் போகிறது, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். அதற்குத்தான் மாமா அப்படிச் சிரித்தார்.

“மூத்திரத்துல காயிதம் நனைக்கத்தான் உன்ன படிக்க வெச்சாங்களா?” என்றார் அவருடைய அம்மா.

மறுநாள் அவளுக்கு வலிப்பு வந்தது. மீன் லாரியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அக்கா பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. “நீ அழுத்திச் சொல்லியிருக்கலாமே” என்றார் மாமா. அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போதெல்லாம் யாரிடமும் நிறத்தைக் காட்டுவதில்லை. “ஆபத்து, கிளம்புங்கள்” என்று மட்டும் சொல்கிறேன்.

அக்கா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். நேற்று, யாரையும் கேட்காமல், துணிமணியோடு அவளைச் செங்கல்பட்டில் என் அறைக்கே அழைத்து வந்துவிட்டேன்.