கம்பெனி சரிந்ததா என்று காக்கா சொல்லவில்லை

வாங்க, உட்காருங்க. வீட்டில் எல்லாரும் சுகமா? மெயினருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமுத்து அண்ணாச்சியை உங்களுக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேர் முதுகு அவர் கைக்குத் தெரியும்.

நான் என் சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தபோது அவருடைய ஆலங்குளத்து மருமகன் போன் செய்தான். "மாமா தூக்கத்திலேயே போயிட்டாவ பாய்." டிவி ஓடியபடி இருந்ததாம். என்ன படம் என்று கேட்டுவிட்டேன். துக்கம் சொல்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? அவனும் பதில் சொன்னான்: "உங்க கம்பெனி படம்தான்."

கடல் தாண்டி இருக்கும் ஒரு பொம்மைப்படக் கம்பெனி அது. அதன் பெயர் எங்கள் வாயில் நுழையாது. தை பிறந்து அருவி நூலாகிவிட்டால் அவருக்கும் வேலையில்லை, எனக்கும் வியாபாரமில்லை. இரண்டு பேரும் அவர் வீட்டில் அந்தப் படங்களைப் பார்ப்போம். முதல் படங்களுக்கு இரண்டு பேரும் அழுதோம். பிறகு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வர ஆரம்பித்ததும் எனக்கு ஆசை விட்டுப்போனது. பழைய எண்ணெயிலேயே திரும்பத் திரும்பச் சுடுகிறான், கம்பெனி சரிந்துவிட்டது என்றேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வருசம் தண்ணி கொறஞ்சா அருவி செத்துப் போச்சுன்னு சொல்லுவியாலே?" என்பார்.

ஒருநாள் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் அவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் நின்று நான் கம்பெனிப் பேச்சை எடுத்தேன். எனக்கு விழவேண்டிய அடியெல்லாம் அவர் முதுகில் விழுந்தது. கடைசியில் அந்த மனிதரே தலையைத் தூக்கி, "கம்பெனி நல்லாத்தான்யா இருக்கு, விடுங்க" என்றார். சாட்சி கிடைத்துவிட்டதென்று அண்ணாச்சி சீசன் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். மொட்டைமாடியில் இலை வைத்தாயிற்று. காக்கா தொட்டால்தான் மற்றவர்களுக்குப் பந்தி. காக்கா தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தது. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் மகள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்றான் மருமகன். அது அசையவில்லை. கீழே பசியில் பிள்ளைகள் அழுதார்கள்.

அண்ணாச்சி சம்சாரம் பேச்சியம்மா என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவுகளுக்கு வேற என்ன கொற? கம்பெனி சரியலன்னு ஒரு வார்த்த சொல்லிப்புடுங்க. நிம்மதியாப் போவட்டும்."

எங்களில் காக்காவுக்கு வைக்கும் வழக்கமில்லை. ஆனால் அவள் கண் கலங்கி நிற்கிறாள். சொல்லிவிடலாம்தான். உயிரோடு இருந்தவரை அந்த மனிதரிடம் ஒரு படத்துக்குக்கூட நான் பொய் சொன்னதில்லையே. தொட்டியைப் பார்த்துச் சொன்னேன்:

"அண்ணாச்சி, சரிஞ்சது சரிஞ்சதுதான். ஆனா அடுத்த படத்துக்கு மொத ஆளா நான் போவேன். பக்கத்து சீட்டு உங்களுக்கு."

காக்கா வந்தது. வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. இது சம்மதமா, கோபமா என்று மாடியில் பெரிய விவாதம். பேச்சியம்மாதான் முடித்து வைத்தாள். "அவுக என்னைக்குச் சோத்த முழுசாத் தின்னாக? எல போடுங்க."

போன வாரம் தென்காசித் தியேட்டரில் புதுப்படம் வந்தது. சொன்னபடி போனேன். பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு யாரையும் உட்கார விடவில்லை. படம் முடிந்து கூட்டம் எழுந்தது. நான் எழவில்லை. வரைந்தவர்கள் பெயர் ஓடி முடியும்வரை அண்ணாச்சி எழ மாட்டார், எழ விடவும் மாட்டார். "வாசிக்கத் தெரியலேன்னா என்னலே, ஒக்காந்து மரியாத குடு" என்பார். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். கூட்டுகிறவர் வந்து காலைத் தூக்கச் சொன்னார், தூக்கிக்கொண்டு பார்த்தேன்.

படம் எப்படி என்கிறீர்களா? முக்கால்வாசி பழைய எண்ணெய்தான். ஆனால் நடுவில் ஓர் இடம். ஒரு கிழவன் மழையில் நின்று, செத்துப்போன தன் கழுதைக்குக் குடை பிடிக்கிறான். ஒரு பேச்சு கிடையாது. என் கை தானாகப் போய்ப் பக்கத்து நாற்காலியைத் தட்டியது. அப்போது எனக்கு...

"வாப்பா, கடைக்கு ஆள் வந்திருக்கு."

வாரேன்மா. இவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன். நான் ஒத்துக்கொண்டதாக யாரும் நினைக்கவேண்டாம், கம்பெனி சரிந்ததுதான், ஆனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் அண்ணாச்சி சொன்னது...