இன்னொருவர் அரைஞாண்

"எந்த ரெஜிமெண்ட்?" என்றுதான் ஜுனைதீன் முதலில் கேட்பார். எங்கே வலிக்கிறது, எவ்வளவு காலமாய் வலிக்கிறது என்பதெல்லாம் டாக்டருடைய கேள்விகள். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, எனாமல் பேசினில் வெந்நீரும் சவர்க்காரத் துண்டும் வைத்து, சவரக் கத்தியைத் தோல்வாரில் இழுத்துத் தீட்டிக்கொண்டு, நோயாளியின் போர்வையை விலக்கும் அதே கணத்தில் இந்தக் கேள்வி விழும். இடுப்புச் சாரத்தோடு மானமும் போய்விட்டதே என்று கண்ணை இறுக மூடிக் கிடக்கும் பழைய பட்டாளத்துக்காரர், ரெஜிமெண்ட் என்ற சொல்லைக் கேட்டால் கண்ணைத் திறந்துதானே ஆக வேண்டும்?

திறப்பார். பிறகு வாயையும் திறப்பார். திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட காலையில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர் ஒருவர். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்குக் காவல் நின்றவர் இன்னொருவர். கத்தி தொப்புளுக்குக் கீழே இறங்க இறங்கச் சண்டையும் கடுமையாகும். இக்கட்டான இடத்துக்குக் கத்தி வந்து சேரும் நேரத்தில் எதிரியும் தப்பாமல் வந்து சேரும்படி கேள்வி கேட்டுக் கூட்டிக்கொண்டு போவதில் ஜுனைதீன் கெட்டிக்காரர். "பொறகு? அவன் சுட்டானா?" என்பார். அவன் சுட்டு முடிக்கும்போது சவரமும் முடிந்திருக்கும்.

இப்படியாக அந்த யுத்தத்தில் அவர் காணாத களம் இல்லை. யுத்தம் நடந்த காலத்தில் அவர் உண்மையில் செய்தது, பதுளைக் கடைவீதியில் வாப்பாவின் கடையில் விளக்குச் சிமினி துடைத்தது.

பதுளைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே, வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்கென்று கட்டிவிட்டுப் போன நீளமான தகரக் கூரைக் கட்டிடம்தான் அந்த ஆஸ்பத்திரி. அதில் ஒரு வார்டு இன்னமும் பழைய பட்டாளத்து ஆட்களுக்கு. ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார்செய்து அனுப்புவது ஜுனைதீன் பொறுப்பு. தோட்டத்து ஆட்களுக்கு அவர் டாக்கையா. சிங்கள அட்டெண்டனுக்கு அப்போதிக்கரி மாத்தயா, அதாவது மருந்து ஐயா. டாக்டருக்கு மட்டும் ஜுனைதீன். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, எப்போதும் சற்று இடப்பக்கம் சாய்ந்த நடை. அந்தச் சாய்வுக்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

சவரம் சுலபமான வேலை. பொய்ப் பல்லைக் கழற்றுவது அதைவிடக் கஷ்டம். தாயத்தைக் கழற்றுவது இன்னும் கஷ்டம். எல்லாவற்றிலும் கஷ்டம் அரைஞாண். குடலிறக்கத்துக்குக் கத்தி வைக்கும் இடத்துக்கு நேர்மேலே கிடக்கும் கறுப்புக் கயிறு அது. சத்திரசிகிச்சை அறைக்குள் கயிறு போகக்கூடாது என்பது டாக்டர்களின் சட்டம். உயிரோடு இருப்பவன் இடுப்புக் கயிற்றை அறுக்கக்கூடாது, பிணத்துக்குத்தான் அறுப்பார்கள் என்பது தோட்டத்தின் சட்டம். ஒருமுறை இந்தச் சட்டம் தெரியாமல் வேலைக்குப் புதிதாய் வந்த ஒருவர், நேரம் போகிறதே என்று கத்தரிக்கோலால் ஒரே வெட்டு வெட்டிவிட்டார். பீரங்கிக்குப் பக்கத்தில் பயமின்றி நின்ற கிழவர், ஆஸ்பத்திரி அங்கியோடு சுவர் ஏறிக் குதித்து, பின்பக்கம் காற்றாட பஸ் நிற்கும் இடம்வரை ஓடிவிட்டார். திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகு கயிறு ஜுனைதீனுடைய இலாகா. அவர் வெட்டமாட்டார். வேர்வையும் எண்ணெயும் ஊறிக் கல்லாய்ப் போன முடிச்சை நகத்தால் கிளறிக் கிளறி அவிழ்ப்பார். அவிழ்த்த கயிறு தரையிலோ மேசையிலோ கிடக்கக்கூடாது. நோயாளியின் சொந்தக்காரர் ஒருவர் அதைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வாங்குப் பலகையில் காத்திருக்க வேண்டும். உள்ளே போனவர் மயக்கம் தெளிந்து தன் பெயரைத் தன் வாயால் சொன்ன பிறகுதான் கயிறு கைமாறும். இந்தப் பிற்சேர்க்கை ஜுனைதீன் சொந்தமாக இயற்றியது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் பழைய பட்டாளத்துக்காரர்களில் பாதிப்பேருக்கு வெளியே காத்திருக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர்களின் கயிறு ஜுனைதீன் இடுப்பில் ஏறும்.

ஆஸ்பத்திரிச் சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாறூக்குக்கு இது பொறுக்காது. ஜுனைதீன் இரவுச் சாப்பாட்டுக்கு அங்கேதான் போவார். மனைவி முஹ்ஸினா மௌத்தாகி வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஸல்மா மொனராகலையில் வாழ்க்கைப்பட்டவள்; பெருநாளுக்கு வருவாள், வட்டிலப்பம் வைத்துவிட்டுப் போவாள்.

"நானா, நீங்க மௌத்தாகி குளிப்பாட்ட வாறவங்க இடுப்புல கறுப்புக் கயித்தக் கண்டா என்னா நெனப்பாங்க?" என்று பாறூக் கேட்டான், பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே.

"அவுக்கட்டும். முடிச்சி லேசாத்தான் போட்டிரிக்கேன்."

"பகிடி பண்ணாதீங்க. தொப்பியும் போட்டுக்கிட்டு அர்ணாக்கயிறும் கட்டினா என்ன கணக்கு?"

"நான் கட்டல்ல. வெச்சிரிக்கேன்" என்றார் ஜுனைதீன், மார்க்கத் தீர்ப்புச் சொல்கிறவர் போல.

இவ்வளவு நெருக்கமாக மனிதரைத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவருக்கு ஊர் முழுக்கச் சிநேகிதர்கள் இருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. லீவு நாளில் அவர் பதுளை பஸ் நிலையத்துக்கு வருவார். கச்சான் கடலை ஒரு காகிதச் சரை வாங்கிக்கொண்டு வாங்கில் உட்காருவார். மடுல்சீமை பஸ்ஸிலிருந்தும் பசறை பஸ்ஸிலிருந்தும் அவர் கைபட்ட ஆட்கள் இறங்குவார்கள். அவரைக் கண்டதும் சிலருக்கு நேரப்பலகையில் படிக்க ஏதோ அகப்படும். சிலர் குடையை விரிப்பார்கள், வெயிலிலும் மழையிலும் சேராத நேரத்தில். வார்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க என் கூடப்பொறந்த மாதிரிங்க" என்று அழுதவர்கள்தான். தன்னை அந்தக் கோலத்தில் பார்த்தவரோடு பட்டப்பகலில் டீ குடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஜுனைதீனும் யாரையும் கூப்பிடுவதில்லை. சரை காலியாகும்வரை இருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடுவார், லீவு நாளிலும்.

இனி அந்தச் சாய்ந்த நடை. ஜுனைதீனுக்கும் குடலிறக்கம். தோலும் ஸ்பிரிங்குமாய் ஒரு பட்டியைச் சாரத்துக்குள் இறுக்கிக்கொண்டு, பிறருடைய குடலிறக்கத்துக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். "ஜுனைதீன், உனக்கு எப்போது?" என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம், நோன்பு வரும், பெருநாள் வரும், மழை வரும். இதே சாக்குகளை நோயாளிகள் சொன்னால், "எறும்பு கடிக்கிற மாதிரித்தான், இதுக்குப் போயி!" என்று நையாண்டி பண்ணுகிறவர் அவரே.

பாறூக்கிடம் மட்டும் ஒருமுறை காரணத்தைச் சொல்லியிருக்கிறார். "கத்திக்குப் பயமில்ல பாறூக். உள்ள போறவனுக்கு வெளிய ஒரு ஆள் வேணும்."

"நான் வாறேன் நானா."

"கடைய யாரு பாக்கிற?"

பாறூக் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான்.

போன மாரியில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நல்லையா வந்து சேர்ந்தார். ஒடிசலான, கறுத்த, மொட்டைத்தலை மனிதர். அவருக்கும் குடலிறக்கம்தான்.

"எந்த ரெஜிமெண்ட்?"

"ரெஜிமெண்டு என்னாங்க, மம்பட்டி ரெஜிமெண்டுதான். தோட்டத்துலயும் மம்பட்டி, சண்டையிலயும் மம்பட்டி. இங்கன கங்காணி சத்தம் போட்டான், அங்கன சார்ஜன் சத்தம் போட்டான். பாலைவனத்துல குழி வெட்டச் சொன்னாங்க, வெட்டுனோம்."

கத்தி இக்கட்டான இடத்தை நெருங்கியது. "பொறகு? அவன் சுட்டானா?"

"எங்கங்க கண்டோம்? நாங்க குழிக்குள்ளல்ல இருந்தோம்! மேல எவன் எவனைச் சுட்டான்னு இன்னைய வரைக்கும் தெரியாதுங்க."

எதிரி வராமலே அன்றைய சவரம் முடிந்தது. ஜுனைதீனுக்கு அது ஒரு சிறு தோல்வி. அடுத்து கயிற்றில் கை வைத்தார். நல்லையாவின் இரண்டு கைகளும் இடுப்பை இறுக்கிக்கொண்டன.

"இதை அறுக்காதீங்க டாக்கையா."

"யாரு அறுக்கிற? அவுக்கத்தான் போறேன். உங்கட ஆள் யாரும் வந்திரிக்கா?"

"மகன் இருந்தான். பிரஜாவுரிமையில அவனை இந்தியாவுக்கு எழுதிட்டாங்க, என்னைய இலங்கைக்கு எழுதிட்டாங்க. குடும்பத்தோட கப்பலேறிட்டான். லயத்துல நான் ஒத்தையாத்தாங்க கெடக்கேன்."

"அப்ப நான் வெச்சிக்கிறேன்."

நல்லையா தலையைத் தூக்கி வெள்ளைத் தொப்பியைப் பார்த்தார். "நீங்க தொப்பி போடுறவங்களாச்சே?"

"கட்ட மாட்டேன். வெச்சிரிப்பேன். கண்ணு முழிச்சி பேரச் சொல்லிட்டு வாங்கிக்கிங்க."

மறுநாள் காலை நல்லையா உள்ளே போய், குறையின்றி வெளியே வந்தார். வந்தவரைத் தள்ளுகட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வேண்டும். அட்டெண்டன் தலைப்பக்கம், ஜுனைதீன் கால்பக்கம். ஒடிசலான மனிதர்தானே என்று தம் பட்டியை இறுக்காமல் தூக்கினார் ஜுனைதீன். நல்லையா பத்திரமாகக் கட்டிலில் இறங்கினார். ஜுனைதீன் அந்தக் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இறங்கிய குடல் அங்கேயே சிக்கிக்கொண்டது. டாக்டர் வந்தார், வயிற்றைத் தொட்டார், நோன்பையும் பெருநாளையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இன்றைக்கே" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஜுனைதீனைக் கிடத்தினார்கள். அட்டெண்டன் அதே பேசினையும் அதே கத்தியையும் எடுத்து வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, போர்வையை விலக்கினான். இவ்வளவு காலம் பார்த்துப் பழகிய வேலை. வாய் தன்பாட்டில் கேட்டது.

"எந்த ரெஜிமெண்ட், மாத்தயா?"

ஜுனைதீனுக்கு ஏது ரெஜிமெண்ட்? எல்லோருடைய சண்டையும் தெரிந்தவரிடம் சொல்வதற்குச் சொந்தமாக ஒரு சண்டை இருக்கவில்லை. கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது.

பட்டியைக் கழற்றினான். அதன் கீழே கறுப்புக் கயிறு. அட்டெண்டன் திகைத்து, பிறகு கத்தரிக்கோலை எடுத்தான்.

"வெட்டாத!" வலியில் முனகிக்கொண்டிருந்த மனிதர் வார்டு அதிரக் கத்தினார். "அது உசிரோட இரிக்கிற மனுசன்ட!"

தாமே முடிச்சை அவிழ்த்தார். லேசாகத்தான் போட்டிருந்தார், பாறூக்கிடம் சொன்னது போல. பக்கத்துக் கட்டிலில் நல்லையா அந்தக் கத்தலுக்கே கண் விழித்திருந்தார். ஜுனைதீன் கயிற்றை நீட்டினார். நல்லையா கையை நீட்டியதும் இழுத்துக்கொண்டார்.

"பேரச் சொல்லுங்க."

"நல்லையாதாங்க, டாக்கையா."

கயிறு கைமாறியது. அட்டெண்டன் ஜுனைதீனின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டு, ஜுனைதீன் வழக்கமாய்க் கேட்கும் அடுத்த கேள்வியை அவரிடமே கேட்டான். "வெளியே யார் இருக்கிறது, மாத்தயா?"

ஜுனைதீன் முகட்டைப் பார்த்தார். மொனராகலைக்குச் சொல்லி அனுப்பி ஸல்மா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், இப்படியோ அப்படியோ. தள்ளுகட்டில் நகரத் தொடங்கியது.

"அதை இங்கிட்டுக் குடுய்யா" என்றது பக்கத்துக் கட்டில்.

மாலையில் ஜுனைதீனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மயக்கம் தெளிந்து தலையைத் திருப்பினால், நல்லையா பட்டாளத்துப் பெரட்டுக் களத்தில் நிற்பவர் போல விறைப்பாகப் படுத்திருந்தார், மொட்டைத்தலையில் வெள்ளைத் தொப்பியோடு. தொப்பி சரிந்துவிடுமென்று பகல் முழுக்கப் புரளவில்லையாம், தண்ணீர் குடிக்கவும் தலையைத் தூக்கவில்லையாம். அட்டெண்டன் சொன்னான்.

"போட்டுக்கிடலைங்க, டாக்கையா" என்றார் நல்லையா அவசரமாக. "வச்சிருக்கேன்."

ஜுனைதீன் கையை நீட்டினார்.

"மொதல்ல பேரச் சொல்லுங்க."

ஜுனைதீன் இப்போது நிமிர்ந்து நடக்கிறார். வேலை பழையபடி. கேள்வி பழையபடி. பாறூக் கடைச் சாப்பாடு பழையபடி. லீவு நாளில் பதுளை பஸ் நிலையமும் அப்படியே.

சென்ற மாதம் ஒரு லீவு நாளில் அவர் கச்சான் சரையோடு வந்தபோது, மடுல்சீமை பஸ்ஸுக்காக வாங்கில் உட்கார்ந்திருந்தவர் நல்லையா. ஜுனைதீனைக் கண்டார். கண்டவுடன் எல்லோரையும் போலவே முகத்தைத் திருப்பி, நேரப்பலகையைப் பார்க்க ஆரம்பித்தார். நல்லையாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் பார்த்துக்கொண்டே, அரிசிப் பையைத் தூக்கி மடியில் வைத்து, வாங்கில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

ஜுனைதீன் போய் உட்கார்ந்தார். இவரும் அவரைப் பார்க்கவில்லை. கச்சான் சரையை வாய் விரித்து, இருவருக்கும் நடுவே பலகையில் வைத்தார்.