இனிக்காத சோறு

காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு மெஸ்ஸில் பெரியவர் ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, கழுத்தின் இரு பக்கமும் தோல் கருத்துத் தடித்திருந்தது. குழம்பு ஊற்ற வந்தவரைக் கையால் தடுத்துவிட்டு, வெறும் சோற்றில் ஒரு பிடி எடுத்து வெகுநேரம் மென்றார். பிறகு தண்ணீர் குடித்து விழுங்கி, தம்ளரை ஓங்கி வைத்தார்.

"இன்னிக்கும் இனிக்கல தம்பி."

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைக் 'கரண்டு' என்றார். அதில் எச்சில் வற்றிவிட்டது. எச்சில் பட்டால்தான் சோற்றிலுள்ள மாவு வாயிலேயே சர்க்கரையாக மாறத் தொடங்கும். எச்சில் திரும்பிவிட்டதா என்று தினமும் முதல் பிடியில் சோதிக்கிறார்.

"தண்ணி குடிச்சுக்கிட்டே மென்னா ஆகாதுங்களா?" என்றேன்.

"தண்ணி எறக்கிவிடும். இனிக்க வைக்குமா? கொணமாயிடுச்சுன்னு சீட்டுல எழுதிட்டாங்க. எச்சி போயிடும்னு முன்னாடி ஒருத்தன் சொன்னானா? கேட்டா, 'உசுரு இருக்குல்ல பாய்'ங்கிறான். மண்ணத் திங்கவா உசுரு?"

அவர் எழுந்து போன பிறகு, என் இலையில் மிச்சமிருந்த வெறும் சோற்றை மென்று பார்த்தேன். முப்பது எண்ணுவதற்குள் இனித்தது. அவருடைய கோபம் அப்போதுதான் எனக்கும் வந்தது.